கண்ணோரம் இரண்டு தட்டு

பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தேன், இப்போது மணி பதினொன்றாகப் போகிறது. அம்மாவை உள்ளே கூட்டிப்போனபோது பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. பச்சை அங்கி, தலையில் பச்சைக் குல்லாய், எந்தக் கண் என்று தெரிவதற்காக வலது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்டர். இடது கண்ணைப் பற்றி யாரும் கேட்கவே வேண்டாம், அது அவளுடைய ஏழு வயதில் விறகு பொறுக்கப் போன இடத்தில் கருவேல முள்ளோடு போய்விட்டது. சக்கர நாற்காலி கதவருகே போனதும் அம்மா கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினாள், நான் நின்ற திசையைக் குத்துமதிப்பாகப் பிடித்து இரண்டு கைகளையும் உயர்த்திப் பத்து விரல்களையும் விரித்தாள். பத்துதானே? நானும் விரித்தேன். அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ. கதவு சாத்திக்கொண்டது, மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, நான் இந்த இரும்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததிலிருந்து ஒரே யோசனைதான், பத்து நிமிஷம் என்று எங்கிருந்து பிடித்தேன்? டாக்டர் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது வேறு. நேற்று அந்தச் சின்ன வயது டாக்டரம்மா, அவளுக்கு என் கடைசித் தங்கை வயதுதான் இருக்கும், எனக்குத் தங்கை கிடையாது, இருந்திருந்தால், அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். ரொம்ப முத்திப்போன புரை மேடம். நரம்பு எப்படி இருக்குன்னு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். பார்வை வரலாம், வராமலும் போகலாம். இருக்கிறது ஒரு கண்ணுங்கிறதால முன்னாடியே சொல்லிடறேன். ஊசி போட்டுத்தான் பண்ணணும், மறுநாள் காலைல வரைக்கும் கட்டு இருக்கும், அம்மாகிட்ட விவரமாச் சொல்லிடுங்க. நான் அம்மா பக்கம் திரும்பினேன். என் கைகள் சொன்னது: சின்ன வேலை, பத்து நிமிஷம், வலிக்காது, முடிந்ததும் எல்லாம் பளிச்சென்று தெரியும். சொல்லிட்டீங்களா, என்று டாக்டர் கேட்டாள். சொல்லிட்டேன் டாக்டர்.

கட்டைப் பற்றி நான் சொல்லவே இல்லை. சொன்னால் வரமாட்டாள் என்று தெரியும். பிறந்ததிலிருந்து காது கேட்காதவள், வாயால் பேசாதவள், அவளுக்கு இருப்பதெல்லாம் அந்த ஒரு கண், அதையும் ஒரு நாள் முழுக்க மூடி வைப்பார்கள் என்றால் எழுந்து பஸ் ஏறிப் போய்விடுவாள். வெளியே வந்ததும் முதல் ஆளாகப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளலாம், பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் கணக்கெல்லாம் இந்த லட்சணம்தான். இப்போதுதான் வாசலில் நிற்கிற செக்யூரிட்டி சொல்கிறான், ஆபரேஷன் முடிஞ்சாலும் ஒரு மணி நேரம் உள்ள படுக்க வச்சிருப்பாங்கம்மா, கூட வந்த அட்டெண்டர் யாரும் போகக் கூடாது, பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. அப்படியானால் இந்த நிமிஷம் ஆபரேஷன் முடிந்திருக்குமா? முடிந்திருந்தால் அவள் இப்போது ஒரு சத்தமும் இல்லாத, ஒரு வெளிச்சமும் இல்லாத இடத்தில் படுத்திருக்கிறாள், எதனால் என்று தெரியாமல். பளிச்சென்று தெரியும் என்று சொன்னேனே. கண் போய்விட்டது என்றுதானே நினைப்பாள். வேறு என்ன நினைக்க முடியும்.

"யாருக்குக்கா ஆபரேசன்?" பக்கத்து நாற்காலிப் பெண் கேட்கிறாள். சங்கரன்கோவில் பக்கமாம், வீட்டுக்காரருக்குக் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறதாம், காலையிலிருந்து மடியில் முறுக்குப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு பிரிக்காமலே இருக்கிறாள். அம்மாவுக்கு என்கிறேன். "கையக் கையக் காட்டிட்டுப் போனாவளே, அந்த ஊமை ஆச்சியா? பாவம்." எங்கம்மா பேசுவாங்க, என்கிறேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, எதிர்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். அவள் முகம் சுருங்கி, "தப்பா எடுத்துக்கிடாதியக்கா," என்கிறாள். அவளைச் சொல்லி என்ன. பேசுவாள் என்று இவ்வளவு வீராப்பாகச் சொல்கிற எனக்கு என்ன யோக்கியதை. சுவரில் டிவி ஓடுகிறது, சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள், யாரோ ஒருத்தி யாரோ ஒருத்தனைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், எல்லோரும் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டு டிவி எப்போதுமே அப்படித்தான். நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான் மற்ற வீடுகளில் டிவிக்குக் குரல் உண்டு என்று தெரிந்தது என்று சொன்னால் என் பையன் நம்பமாட்டான். குரல் என்றால் என்னவென்றே எனக்கு வெளியில்தான் தெரிந்தது, தெருவில், கடையில், சித்தப்பா வீட்டில். வீட்டுக்குள் கைதான். அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையில் காது கேளாதவர்களுக்கான பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், அங்கே கற்றது பாதி, தாங்களே வைத்துக்கொண்டது பாதி. அச்சகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பெயர், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் உரசுவது, மை ஒட்டியிருக்கிற மாதிரி. அம்மாவுக்கு மூக்குத்தி. எனக்கு வலது கண்ணின் ஓரத்தில் ஒரு மச்சம் உண்டு, இரண்டு விரலைச் சேர்த்து அவரவர் கண்ணோரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் அது நான். பொற்செல்வி என்பது சித்தப்பா வைத்தது, பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு. வைத்தவருக்குத்தான் தெரியும் என் அப்பா அம்மா கடைசி வரை கேட்கவே போகாத பெயர் அது என்று. கோயம்புத்தூரில் என்னை செல்வி டீச்சர் என்கிறார்கள், வீட்டுக்காரர் ஏய் என்கிறார், பையன் ம்மா என்கிறான், எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் யாராவது கண்ணில் தூசி விழுந்து கண்ணோரத்தைத் தடவினால், பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும், என்ன என்று கேட்கப் போய்விடுவேன். அப்பா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு கை மிச்சம்.

அந்தக் கைக்காரியிடம் பொய் சொல்லிப் பழகியே வளர்ந்தேன். ஐந்து வயதிலிருந்து நான்தான் அவர்களுக்கு வாய், நான்தான் காது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, அச்சக முதலாளி, எல்லாவற்றுக்கும் நடுவில் கவுன் போட்டுக்கொண்டு ஒரு குட்டிப் பெரிய மனுஷி. நடுவில் நிற்கிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, இந்தப் பக்கத்தில் விழுகிறதை அப்படியே அந்தப் பக்கம் கொடுக்க வேண்டியதில்லை. கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது சித்தப்பா என்னிடம், இதுகள எதுக்குட்டி இங்க கூட்டியாந்த, நாலு பேரு வர்ற எடத்துல, என்று பல்லைக் கடித்தார். அம்மா தோளைத் தொட்டு என்ன சொல்கிறார் என்று கேட்டாள். வாங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார், என்று சொன்னேன். அம்மா சித்தப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவுக்கு இரண்டு கையும் கூப்பி வணக்கம் சொன்னாள். எட்டு வயதில் எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று அன்றைக்கு எனக்கே என்மேல் பெருமை. அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போய் மூன்று மாசம் என்று டாக்டர்கள் சொன்னபோதும் மஞ்சள் காமாலை, கீழாநெல்லி கொடுத்தால் சரியாகிவிடும் என்று மாற்றிச் சொன்னவள்தானே. அவர்கள் நன்மைக்குத்தான் என்று நாற்பத்தாறு வயது வரைக்கும் நம்பியாயிற்று. யார் நன்மைக்கு? சொல்லிவிட்டால் அவர்கள் முகம் மாறும், மாறுகிற முகத்தைப் பார்க்க வேண்டியவள் நான், அதற்குப் பயந்துகொண்டு செய்ததுதானே எல்லாம். இதை இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து என்ன ஆகப்போகிறது. கடிகாரத்தில் பதினொன்று பத்து.

பச்சைக் குல்லாய் போட்ட ஒருவன் கதவைத் திறக்கிறான், எல்லோரும் பாதி எழுந்திருக்கிறோம், அவன் டீ வாங்கப் போகிறானாம். மறுபடி உட்காருகிறோம். நான் குழந்தையாக இருந்தபோது அழுதால் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பழைய புடவைக் கரையைக் கிழித்து ஒரு முனையை என் காலிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு படுப்பாளாம். நான் காலை உதைத்தால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாளாம். அழுவதற்கு முன்னால் உதைக்க வேண்டும் என்று நான் மூன்றாம் மாசமே கற்றுக்கொண்டேனாம், சொல்லிவிட்டு அம்மா சிரித்த சிரிப்பு, அவள் சிரிப்புக்குச் சத்தம் உண்டு, தொண்டையிலிருந்து ஒரு மாதிரி கரகரவென்று வரும், அவளுக்கே தெரியாது. என் குரல் எப்படி இருக்கும் என்றும் அவளுக்குத் தெரியாது. தினமும் எட்டுப் பீரியட் கத்துகிறேன், தொண்டைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கத்துகிறேன், பெற்றவள் ஒரு சொல் கேட்டதில்லை. ஆனால் வெளிச்சம் இருந்தால் எங்கள் வீட்டைப் போலப் பேசுகிற வீடு அந்தத் தெருவிலேயே கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அம்மா ஆரம்பித்துவிடுவாள், சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு கையால் பேசுவாள், வாயில் சோறு இருக்கும்போது பேசாதே என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை. கரண்ட் போனால்தான் எங்களுக்குப் பேச்சு நிற்கும். பக்கத்து வீடுகளில் கரண்ட் போனதும் ஹோ என்று கத்துவார்கள், ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுவார்கள், நாங்கள் மூன்று பேரும் சட்டென்று ஊமையாகிப்போவோம். ஆமாம், அப்போது மட்டும்தான். அப்புறம் அப்பா இருட்டில் தடவிக்கொண்டு வந்து நடுவில் உட்காருவார். அவர் ஒரு கைக்குள் அம்மாவின் கை, இன்னொரு கைக்குள் என் கை. முதலில் விரல்களை விரித்து என் உள்ளங்கையில் வைத்து மெதுவாக மூடுவார், அது கரண்ட் போச்சு. பிறகு மூடிய கையைப் படக்கென்று விரிப்பார், அது வரும். வரும், வரும் என்று இரண்டு மூன்று தடவை விரிப்பார். அப்புறம் கதை. கையைப் பார்க்காமல், கையைக் கைக்குள் வாங்கிக்கொண்டு கேட்கிற கதை. அவர் விரல் நரியானால் என் விரலும் நரியாகும். மை வாசனையும் அம்மாவின் வளையல் இடிப்பதும். சில நாள் விளக்கு எரிந்த பிறகும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்போம். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கப்புறம் எனக்கு வரவில்லை, கல்யாணத்திலும் வரவில்லை, பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை, சொன்னால் தப்பு, ஆனால் வரவில்லை.

அதை நானேதான் கெடுத்தேன். எட்டாம் வகுப்பு. ஜங்ஷனிலிருந்து வருகிற டவுன் பஸ், பின்சீட்டில் என் வகுப்புப் பெண்கள் நான்கு பேர். அம்மாவுக்கு அன்றைக்கு என்னவோ ஒரே உற்சாகம், மீன்காரி தராசில் கல்லை மறைத்து வைத்ததையும் இவள் அதைக் கண்டுபிடித்ததையும் இரண்டு கையும் வீசி வீசிச் சொல்கிறாள், நடுவில் அந்தக் கரகரச் சிரிப்பு. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவளைப் போலவே கையை ஆட்டிக் காட்டுகிறான். பஸ்ஸே சிரிக்கிறது. நான் அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து அவள் மடியில் வைத்து அழுத்தினேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஒரு விரலைச் சுற்றிக் காட்டினேன். அவள் சுற்றிப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். திட்டவில்லை, அழவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து வெளியிடத்தில் பேச வேண்டுமென்றால் முதலில் அந்த ஒரு விரலைச் சுற்றி என்னைக் கேட்பாள், யாராவது பார்க்கிறார்களா? நான் இல்லை என்று தலையசைத்தால்தான் கை வெளியே வரும். முப்பத்து மூன்று வருஷம். என் கல்யாண மண்டபத்தில் கூட மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விரலைச் சுற்றினாள், ஐநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன சொல்ல வந்தாள் என்று இன்று வரை தெரியாது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை ஊருக்கு வந்திருக்கிறேன், வந்து முறுக்கு தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இந்த இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது, போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவாள், தலையாட்டுவாள், வைத்துவிடுவாள். வயதாகிவிட்டது, என்மேல் பிடிப்பு விட்டுப்போச்சு என்று நினைத்தேன். என் கை அவளுக்குத் தெரியவில்லை என்று தோன்றவே இல்லை. நான் பேசினதெல்லாம் அவளுக்கு வெறும் புகையாகத் தெரிந்திருக்கிறது, கண் தெரியவில்லை என்று சொன்னால் நான் பயப்படுவேன் என்று அவளும் மறைத்திருக்கிறாள். பொய்யில் அம்மாவுக்கு மகள் தப்பாமல் பிறந்திருக்கிறேன். கண் வராமல் போனால்? வராமல் போனால் அந்தக் கோவில் கொடையும் பஸ்ஸும் மண்டபமும் அப்படியே நின்றுபோகும், சொல்ல ஆளில்லாமல்.

"பிச்சம்மாள் அட்டெண்டர் யாரு?" அம்மா பெயர்தான், எழுந்ததில் கைப்பை விழுந்துவிட்டது, முறுக்குப் பெண் எடுத்துக் கொடுக்கிறாள். நர்ஸ் ஒல்லியாக, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். ஆபரேஷன் முடிஞ்சு அரைமணி நேரமாச்சு, நல்லபடியா முடிஞ்சுது, ஆனா உங்கம்மா அடங்கவே மாட்டங்காவ, என்கிறாள். "சொன்னாக் காதும் கேக்கல. கையக் கையக் கண்ணுகிட்ட கொண்டு போறாவ. இந்தா, இப்படி." அவள் இரண்டு விரலைச் சேர்த்துத் தன் வலது கண்ணின் ஓரத்தில் தட்டிக் காட்டுகிறாள். இரண்டு தட்டு. கையை இறக்கி மறுபடியும் இரண்டு தட்டு. "அரைமணி நேரமா இதேதான். கட்டப் பிச்சு எறிஞ்சிருவாவளோன்னு கையக் கட்டிலோட கட்டிப் போட்டிருக்கோம்."

சிஸ்டர், அது என் பேரு, என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அது என் பேரு சிஸ்டர், என்னைக் கூப்பிடுறாங்க, அரைமணி நேரமா என்னைக் கூப்பிட்டுட்டு இருக்காங்க, கையைக் கட்டினா அவங்க வாயைப் பொத்தின மாதிரி. அவள் என்னைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். செருப்பக் கழத்திட்டு வாங்க, என்றாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு கட்டில், எல்லோருக்கும் ஒரு கண்ணில் கட்டு, மற்ற கண் எங்களையே பார்க்கிறது. கடைசிக் கட்டிலில் அம்மா. மணிக்கட்டு இரண்டையும் பஞ்சுத் துணியால் கம்பியோடு கட்டியிருக்கிறார்கள், கட்டிய கைக்குள்ளேயே இரண்டு விரல் மட்டும் காற்றில் தட்டிக்கொண்டிருக்கிறது. நர்ஸைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, பஸ்ஸில் நான் கட்டின கட்டுத்தான் இது, இவள் துணியால் கட்டியிருக்கிறாள் அவ்வளவுதான். அவிழ்த்தேன். அந்தக் கை நேராக அவள் கண்ணுக்குப் போவதற்குள் பிடித்து என் கண்ணோரத்தில் வைத்துக்கொண்டேன். விரல் மச்சத்தைத் தடவியது, நின்றது, மறுபடி தடவியது. அவள் நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது.

அப்பா செய்வது போல அவள் உள்ளங்கையில் என் விரல்களை விரித்து வைத்து மெதுவாக மூடினேன். கரண்ட் போச்சு. அவள் கை அப்படியே அசையாமல் கேட்டது. கட்டு போட்டிருக்கிறார்கள், நாளைக் காலையில் எடுப்பார்கள் என்று சொன்னேன். அடுத்தது வரும் என்று சொல்ல வேண்டும், கையைப் படக்கென்று விரிக்க வேண்டும், பாதி விரித்துவிட்டு நிறுத்தினேன். வரலாம், வராமலும் போகலாம், டாக்டர் நேற்றே சொன்னாள், நான்தான் உன்னிடம் மறைத்தேன் என்றேன். என் கை அவள் கைக்குள் அழுதது, வேறு எப்படிச் சொல்ல. அம்மா ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, மணிக்கட்டில் துணி தொங்க, என் உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். யாராவது பார்க்கிறார்களா? பன்னிரண்டு கண்ணும் பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸ் பார்த்தாள், டீ வாங்கப் போன பச்சைக் குல்லாய்க்காரன் டம்ளரோடு நின்று பார்த்தான், கதவு இடுக்கில் முறுக்குப் பெண் எட்டிப் பார்த்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள், என்று அவள் கைக்குள் சொன்னேன். பார்க்கட்டும், நீ பேசு.

அம்மாவின் இரண்டு கையும் என் கையை விட்டு வெளியே வந்தது. மேலே, நன்றாக மேலே, பஸ்ஸில் மீன்காரியைச் சொன்னாளே அந்த அகலத்துக்கு. பத்து விரல்களையும் விரித்து இரண்டு தடவை உதறினாள், பிறகு என்னைக் காட்டி, சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி காற்றில் எழுதி, தலையில் அடித்துக்கொண்டாள். தொண்டையிலிருந்து அந்தக் கரகரச் சத்தம் வந்தது, வார்டு முழுக்கக் கேட்டது.

"என்ன சொல்லுதாவ?" என்று நர்ஸ் கேட்டாள். வழக்கம்போல வேறொன்று நாக்கு நுனிக்கு வந்தது, உங்களுக்கு நன்றி சொல்றாங்க என்று. அதை முழுங்கினேன்.

"பத்து நிமிஷம்னு பொய் சொன்னியே, நீயெல்லாம் ஒரு டீச்சரான்னு கேக்காங்க சிஸ்டர்," என்றேன்.